எல்லாம் அறிந்தவளை எப்படி அறிவது?

ஐயா, வணக்கம்.

நான் சுங்கை சிப்புட்டில் வசிக்கிறேன். தோட்டத்தில் பிறந்தவன். பால்மரங்களை அழித்துச் செம்பனை நட்டார்கள். பிறகு நிலம் கைமாறியது. லயத்தில் இருந்தவர்கள் டவுனுக்குக் குடிவந்தோம். எனக்கு ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அம்மாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. அவர் கைக்குழந்தையாக இருந்தபோது என் தாத்தாவை ஜப்பான்காரர்கள் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை. எங்கே இறந்தார், என்றைக்கு இறந்தார் என்று சொல்ல ஆளில்லை. அதனால் எங்கள் வீட்டில் அவருக்குத் திதி கிடையாது. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் அவருக்கும் ஓர் இலை போடுவோம். அப்போதெல்லாம் அம்மா சொல்வது இதுதான்: "நமக்குத்தான் நாள் தெரியாது. ஆத்தாளுக்குத் தெரியும்."

இந்த ஆண்டு, ஆறாம் படிவத்தில் படிக்கும் என் மகன் கேட்டுவிட்டான்: "ஆத்தாளுக்குத் தெரியும் என்பது பாட்டிக்கு எப்படித் தெரியும்?" அம்மா சிரித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தெரிந்திருந்தால் ஏன் தடுக்கவில்லை என்று அடுத்துக் கேட்டான். பள்ளியில் நம் மலேசியாவின் தேசியக் கோட்பாடான ருக்குன் நெகாராவை வாசிக்கிறோமே, "இறைவன் மீது நம்பிக்கை வைத்தல்" என்பதுதானே முதல் கோட்பாடு, அதற்கு ஆதாரம் கேட்டால் குற்றமா என்றும் கேட்டான். நான் பகுத்தறிவு இயக்கத்தைச் சேர்ந்தவன் அல்லன். கோயில் கமிட்டியில் இருப்பவன். எல்லாம் அறிந்த இறைவன் ஒருவர் இருக்கிறார் என்று நம்புவதற்கு நியாயம் சொல்ல முடியுமா? முடியாது என்றால் அம்மாவிடம் நான் என்ன சொல்வது?

உங்கள் வாசகன்,
சுங்கை சிப்புட்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகனின் முதல் கேள்விக்கு வயது ஆயிரத்து முந்நூறுக்குக் குறையாது. ஏழாம் நூற்றாண்டில் குமாரில பட்டர் கேட்ட கேள்வி அது. அவர் நாத்திகரும் அல்லர், கறுப்புச் சட்டைக்காரரும் அல்லர். வேதத்தில் ஓர் எழுத்தைக்கூட விட்டுக்கொடுக்காத மீமாம்சகர், அதாவது வேதச் சடங்குகளுக்குப் பொருள் விளக்கும் மரபினர். பகுத்தறிவு என்றாலே 1929-லும் 1954-லும் பெரியார் மலாயாவுக்கு வந்து இறக்கிவிட்டுப் போன சரக்கு என்று நினைப்பவர்கள் நம் கோயில் கமிட்டிகளில் இருக்கிறார்கள். உங்களைச் சொல்லவில்லை.

புத்தர் முற்றும் உணர்ந்தவர் என்று பௌத்தர்கள் சொன்னார்கள். குமாரிலர் மறுத்த விதம் அழகானது. முற்றும் உணர்ந்த ஒருவர் உங்கள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் அப்படிப்பட்டவர் என்பதை நீங்கள் எப்படிக் கண்டுகொள்வீர்கள்? அவர் அறிந்தவற்றையெல்லாம் நீங்களும் அறிந்திருந்தால்தான் அவர் அறிவில் ஒன்றும் விடுபடவில்லை என்று சொல்ல முடியும். அப்படியானால் நீங்களும் முற்றும் உணர்ந்தவர். உங்களைக் கண்டுகொள்ள இன்னொருவர் வேண்டும். அவரைக் கண்டுகொள்ள வேறொருவர். உங்களால் உண்மையில் சொல்ல முடிவதெல்லாம் "இவருக்கு என்னைவிட நிறையத் தெரியும்" என்பது மட்டும்தான். கேட்ட கேள்விக்கெல்லாம் விடை வந்தாலும், கேட்காமல் விட்ட கேள்விகள் மிச்சம் இருக்கின்றன.

இது கடவுளுக்கும் பொருந்தும். கனவில் அம்மன் வந்து காணாமல்போன நகை இருக்கும் இடத்தைச் சொன்னாள், சாமி வந்தவர் பழைய கதை முழுவதையும் புட்டுப்புட்டு வைத்தார் என்றெல்லாம் நம் ஊரில் கேட்டிருப்பீர்கள். அத்தனையும் உண்மை என்றே கொள்வோம். அவற்றிலிருந்து தெரியவருவது, நிறைய அறிந்த ஒருத்தி இருக்கிறாள் என்பது. "எல்லாம்" என்ற சொல்லை எந்த அனுபவமும் சம்பாதித்துத் தராது.

அனுபவம் கைவிட்ட இடத்தில் அனுமானம் வருகிறது. பத்தாம், பதினோராம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த, நியாயம் என்ற தர்க்க மரபின் அறிஞர் உதயணர், உலகம் ஒரு காரியம், காரியத்துக்குக் கர்த்தா வேண்டும், அந்தக் கர்த்தா தான் செய்வதை அறிந்தவராக இருக்க வேண்டும் என்று கட்டிக்கொண்டு போகிறார். நியாயக்காரர்களுக்குப் பிடித்த உதாரணம் குயவன். குயவனுக்கு மண் தெரியும், சக்கரம் தெரியும், பானை எதற்கு என்றும் தெரியும். ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பானையில் யார் உலை வைப்பார், அது என்றைக்கு உடையும் என்பது அவனுக்குத் தெரிய வேண்டிய அவசியம் என்ன? செய்யத் தேவையான அறிவு வேறு, முற்றறிவு வேறு. உலகத்தைச் செய்தவர் ஒருவர்தான் என்பதைக்கூட இந்த வழியில் நிறுவ முடியாது, பெரிய மாளிகையைப் பலர் சேர்ந்து கட்டுவதில்லையா? இப்படி மறுப்பவர் யார் என்று நினைக்கிறீர்கள்? ராமானுஜர். தம் உரைநூலான ஸ்ரீபாஷ்யத்தில் அவர் இந்த அனுமானத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு, இறைவனை அறியச் சாத்திரம் ஒன்றே வழி என்கிறார். சாத்திரத்தை ஏன் நம்ப வேண்டும் என்பது உங்கள் மகன் அடுத்துக் கேட்கப்போவது.

ஆகவே நிரூபணம் என்ற பொருளில் நியாயம் கேட்டால், இல்லை என்பதே என் பதில்.

ஆனால் அம்மா சொன்ன வாக்கியத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். ஆத்தாளுக்கு எல்லாம் தெரியும் என்று அவர் சொல்லவில்லை. ஒரு மனிதர் இறந்த நாள் தெரியும் என்கிறார். "எல்லாம்" என்பது பண்டிதர்களின் கவலை. தர்மகீர்த்தி என்ற பௌத்த தர்க்கவாதி இதைக் கேலியாகவே எழுதினார்: பூச்சிகளின் எண்ணிக்கை அவருக்குத் தெரிந்து எனக்கு என்ன ஆக வேண்டும், எனக்கு வேண்டியதை அறிந்தவரா என்று பாருங்கள், வெகுதூரம் பார்ப்பவர்தான் வழிகாட்டி என்றால் வாருங்கள், கழுகுகளை வணங்குவோம். அம்மாவுக்கும் பூச்சிக் கணக்கு தேவைப்படவில்லை.

அவருக்கு எது தேவைப்பட்டது என்று பார்க்க சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், உள்ள காஞ்சனபுரிக்குப் போக வேண்டும். 1942-க்கும் 1943-க்கும் இடையில் போட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதையில் செத்த நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்கு அங்கே ஒரு மயானம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 கல்லறைகள். பெரும்பாலானவற்றில் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள் எல்லாம் பொறித்திருக்கும். புல் ஒரே மட்டத்தில் வெட்டியிருக்கும். கைதிகளைவிடப் பல மடங்கு அதிகமாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பகுதி நம் தோட்டத் தமிழர்கள். அவர்களில் எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கு ஆளுக்கொரு கணக்கு, ஆயிரக்கணக்கில் மாறுபடுகிறது. கைதிகளின் முகாமில் ராணுவ ஒழுங்கு இருந்தது, அதிகாரிகள் இருந்தார்கள், ஒளித்து வைத்தாவது பட்டியல் எழுதியவர்கள் இருந்தார்கள். நம்மவர்களின் முகாமில் காலரா வந்தபோது எழுதிவைக்க யாரும் இல்லை. தோட்டத்தில் இருந்தவரை ஒவ்வொரு விடியலிலும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று பெயர் கொடுத்த ஆட்கள் அவர்கள். ஒருநாள் வராவிட்டால் தோட்டக் கணக்கரான கிராணி செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் குறித்துச் சம்பளத்தைப் பிடித்துவிடுவார். உயிர் போன நாளைக் குறிக்க மட்டும் செக்ரோல் இல்லை.

"ஆத்தாளுக்குத் தெரியும்" என்ற பேச்சு இந்த இடத்திலிருந்து வருகிறது என்று நினைக்கிறேன். ஆசையிலிருந்து வந்ததனால் அது பொய்யாகிவிடாது, மெய்யாகிவிடவும் செய்யாது. எனக்கு இங்கே சைவ சித்தாந்தம் பிடிக்கிறது. மெய்கண்டாரின் சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரம். அதில் பதினோராவது, "காணும் கண்ணுக்குக் காட்டும் உளம்போல்" என்று தொடங்குகிறது. கண் தானாகப் பார்ப்பதில்லை, உயிர் உடன் நின்று காட்டுகிறது, தானும் காண்கிறது. அதுபோல உயிர் காணும்போது இறைவன் உடன் நின்று காட்டுகிறான், காண்கிறான். கிராணி வெளியே நின்று பேரேட்டில் எழுதிக்கொள்ளும் அறிவு இல்லை இது. தாத்தாவின் கடைசி நாளை இறைவன் அறிவான் என்றால், தாத்தாவின் பார்வைக்குள்ளேயே இருந்து அறிவான். முற்றறிவு என்ற கருத்துக்கு இதைவிட மேலான வடிவம் ஒன்றை நான் எங்கும் பார்த்ததில்லை. இதை நிரூபிக்க முடியுமா என்று கேட்காதீர்கள். மேலே சொன்ன பதில்தான். ஆனால் நம்புவது என்று ஆனபிறகு, எதை நம்புகிறோம் என்பதில் தரம் இருக்கிறது.

மகனின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். திருக்குறள் உரையில் பரிமேலழகர் இறைவனின் எட்டுக் குணங்களை வரிசைப்படுத்துகிறார். முற்றும் உணர்தல், பேரருள் உடைமை, முடிவிலா ஆற்றல் உடைமை மூன்றும் அதில் உண்டு. மூன்றையும் சேர்த்துச் சயாம் காட்டில் கொண்டுபோய் வையுங்கள், நிற்கிறதா என்று பாருங்கள். தெரியும், இரக்கம் உண்டு, தடுக்கவும் முடியும், ஆனால் தடுக்கவில்லை. வழக்கமான விடை வினைப்பயன். அந்த விடையை நான் ஏற்பதில்லை. பெண்டாட்டி பிள்ளையை விட்டு லாரியில் ஏற்றப்பட்டவன் மீது காலராவையும் அவன் முன்வினைக் கணக்கிலேயே எழுதுவது, அடித்தவனை விட்டு அடிபட்டவனை விசாரிக்கும் வேலை. இந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. விடை இருக்கிறது என்பவர்களிடம் எனக்கு மரியாதை குறைவு. உங்கள் அம்மாவை அதில் சேர்க்க மாட்டேன். அவர் தெரியும் என்று மட்டும்தான் சொன்னார், ஏன் என்று விளக்கவில்லை.

நிரூபணம் இல்லாமல் நம்புவது தவறா? 1877-இல் கிளிஃபர்ட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் தவறு என்று எழுதினார். அவர் சொன்ன கதை நமக்கு உறைக்கும். பிழைப்புத் தேடி வேறு நாட்டுக்குப் போகும் குடும்பங்களை ஏற்றப்போகும் ஒரு பழைய கப்பல். சோதித்துச் செப்பனிட வேண்டும் என்று முதலாளிக்கு உள்ளூரத் தெரியும், செலவாகும். இத்தனை ஏழைக் குடும்பங்களை இறைவன் கைவிட மாட்டான் என்று தன்னைத்தானே நம்பவைத்துக்கொண்டு அனுப்புகிறான். கப்பல் மூழ்குகிறது. அவன் காப்புறுதிப் பணத்தை வாங்கிக்கொள்கிறான். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளான நாம், அந்தக் கதையை மேல்தளத்தில் நின்று படிக்க முடியாது.

கிளிஃபர்டின் முடிவு, போதிய ஆதாரமின்றி எதையும் நம்புவது எவருக்கும் எப்போதும் தவறு என்பது. அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன். முதலாளியின் நம்பிக்கை அவன் செய்ய வேண்டிய சோதனையைச் செய்யவிடாமல் தடுத்தது. அதற்காகவே அவன் அதை நம்பினான். அம்மாவின் நம்பிக்கை எந்தக் கப்பலையும் மூழ்கடிக்கவில்லை. அவர் விசாரித்திருக்கக்கூடிய காலத்தில் அவர் குழந்தை. அவரைத் திருத்த வேண்டியதில்லை. திருத்தும் தகுதி நமக்கு இருப்பதாகவும் தெரியவில்லை.

சங்கடம் நம் பக்கம்தான். சயாமிலிருந்து திரும்பிவந்தவர்கள் நம் ஊர்களில் பல ஆண்டுகள் உயிரோடு இருந்தார்கள். தாத்தா எந்த முகாமில் இருந்தார், யாரோடு போனார் என்று அவர்களிடம் கேட்டிருக்கலாம். கோயில் திருவிழா நோட்டீசில் நன்கொடையாளர் பெயரைக் காசு விடாமல் அச்சடித்த கமிட்டிகள், தோட்டத்திலிருந்து போனவர்களின் பெயரை ஒரு நோட்டில் எழுதிவைத்ததா? சாமிக்குத் தெரியும் என்று இருந்துவிட்டோம். அம்மா சொன்னால் பக்தியாக இருக்கும் வாக்கியம் நாம் சொல்லும்போது கப்பல் முதலாளியின் வாக்கியமாகிவிடுகிறது. அம்மாவுக்கு அவர் தாயார் சொன்னது ஏதாவது நினைவிருக்கும். தாத்தாவின் முழுப்பெயர், ஊர், எந்தத் தோட்டம், கூடப் போனவர்கள். இந்த வாரமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கமிட்டியில் மற்ற குடும்பங்களையும் கேளுங்கள்.

ருக்குன் நெகாரா விஷயம் சிறியது. 1969 மே கலவரத்துக்குப் பிறகு, 1970 ஆகஸ்ட் 31-இல் பிரகடனமான கோட்பாடு அது. பல மதத்தவர் ஒரே நாட்டில் சேர்ந்து வாழச் செய்துகொண்ட ஏற்பாடு. தத்துவத் தேர்வுக்கான விடைத்தாள் அன்று. சபையில் வாசித்துவிட்டு வகுப்பில் வந்து கேள்வி கேட்பதில் முரண் ஏதும் இல்லை. ஆசிரியர் யார் என்று பார்த்துக் கேட்கச் சொல்லுங்கள்.

மகனுக்கு ஒன்று வாங்கிக்கொடுங்கள்: அருணந்தி சிவாச்சாரியாரின் சிவஞான சித்தியார், பரபக்கம், நல்ல உரையோடு. எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் அவர்கள் வாயாலேயே சொல்லவைத்துவிட்டுப் பிறகு மறுக்கும் நூல். முதல் ஆளாக வந்து நிற்பவன் உலகாயதன். கண்ணால் காண்பதே பிரமாணம் என்பவன். அவன் பேசுவது உங்கள் மகனுக்குப் பிடிக்கும். மறுப்பு பிடிக்கிறதா என்று எழுதச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்துக்குள் வைத்து அனுப்ப வேண்டாம், அவனே தனியாக எழுதட்டும்.

அன்புடன்.