வேரியபிள் பெயரில் ஜப்பானிய எழுத்து: லெக்சரில் என்ன மாற்ற வேண்டும்?

கேள்வி: ஒசாகாவில் இருக்கும் ஒரு வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவுக்காகச் சின்ன ஸ்கிரிப்ட் மொழி ஒன்றை எழுதியிருக்கிறேன். வேரியபிள் பெயர்களை ஜப்பானிய மொழியிலேயே வைக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். ஹிராகனா, கடகனா என்ற ஒலியெழுத்துகள், காஞ்சி என்ற சீன வழி எழுத்து ஆகிய மூன்றின் யூனிகோட் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் தரநிலை) எண்வரிசைகளையும் லெக்சரில், அதாவது நிரலைச் சொற்களாகப் பிரிக்கும் பகுதியில், சேர்த்துவிட்டால் போதுமா?

போதாது. வரிசைகளைக் கையால் எழுதினால் வேண்டியது வெளியே நிற்கும், வேண்டாதது உள்ளே வந்துவிடும். ஜப்பானியத்தில் ஒரே காஞ்சி அடுத்தடுத்து வந்தால், இரண்டாவதன் இடத்தில் ஒரு மீள்குறி போடுவார்கள். சசாக்கி என்ற குடும்பப் பெயரில் அது உண்டு. 'தினந்தோறும்' என்று பொருள்படும் ஹிபி என்ற சொல்லிலும் உண்டு. அதன் யூனிகோட் எண் 3005. உங்கள் மூன்று வரிசைகளிலும் அது கிடையாது. தினசரி விற்பனைக்கு யாராவது அந்தச் சொல்லைப் போட்டுப் பெயர் வைத்த அன்றே லெக்சர் நின்றுவிடும்.

யூனிகோடே இதற்கென்று எக்ஸ்ஐடி ஸ்டார்ட், எக்ஸ்ஐடி கன்டினியூ என்று இரண்டு பண்புகளைத் தருகிறது. முதல் எழுத்துக்கு ஒன்று, அடுத்தடுத்த எழுத்துகளுக்கு மற்றொன்று. அவற்றையே பயன்படுத்துங்கள், எந்தப் பதிப்பு என்பதையும் குறித்து வையுங்கள். வெளிநாட்டுப் பெயர்களைப் பிரிக்கும் கடகனா நடுப்புள்ளியை 2023-இல் வந்த 15.1 பதிப்பு பெயரின் நடுவில் அனுமதிக்கிறது, 15.0 அட்டவணை அனுமதிக்காது. 'எழுத்து' என்ற வகையை மட்டும் பார்த்தாலும் சரிவராது. கோ என்ற நிரல்மொழி அப்படித்தான் பார்க்கிறது. அதில் காஞ்சியில் வைத்த பெயர் ஓடும், நம் 'காசு' ஓடாது. துணைக்காலும் உகரக் குறியும் அங்கே எழுத்தாகக் கணக்கில் வருவதில்லை.

அடுத்தது, நீங்கள் கேட்காத, ஆனால் எனக்கு மிக முக்கியமாகப் படுகிற விஷயம். விற்பனைக்கு ஜப்பானியத்தில் 'உரியாகே' என்பார்கள். கடகனாவில் நான்கு எழுத்து. கடைசி எழுத்து, 'கெ' மேல் இரண்டு சிறு கோடு போட்டது. அதை ஒரே குறியெண்ணாகவும் (யூனிகோட் எண்) எழுதலாம், கெ தனியாகவும் கோடு தனியாகவும் எழுதலாம். பிரித்தால் ஐந்து குறியெண். திரையில் வித்தியாசமே தெரியாது. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை கோப்புப் பெயர்களைப் பிரித்தே வைத்தது. அங்கிருந்து நகலெடுத்த பெயர் ஐந்தாகத்தான் வரும். அப்புறம் அரையகலக் கடகனா என்று ஒன்று இருக்கிறது, அதிலும் ஐந்து, ஆனால் வேறு ஐந்து. ஒரே சொல், மூன்று வடிவம்.

ஜாவா எதையும் ஒன்றாக்காது, மூன்றும் மூன்று வேரியபிள். ரஸ்ட் மொழி 2021-இல் 1.53 பதிப்பில் பிறமொழி எழுத்தில் பெயர் வைக்கும் வசதியைத் தந்தபோது, வடிவங்களை ஒன்றாக்க யூனிகோடின் என்எஃப்சி முறையை எடுத்தது. அது முதல் இரண்டை ஒன்றாக்கும், அரையகலத்தைத் தொடாது. பைதான் 3 எடுத்துக்கொண்ட என்எஃப்கேசி என்ற யூனிகோடின் இன்னொரு முறை மூன்றையும் ஒன்றாக்கிவிடும்.

உங்களுக்கு என்எஃப்கேசிதான் சரி என்பேன். ஜப்பானிய வங்கிகளின் ஜெங்கின் கோப்பு வடிவத்தில் பெயர்கள் அரையகலக் கடகனாவில்தான் வரும். கணக்குப் பிரிவில் இரண்டும் கலந்தே புழங்கும். முடிவை முதல் வெளியீட்டுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். பிறகு மாற்றினால் இரண்டாக இருந்த வேரியபிள்கள் சத்தமில்லாமல் ஒன்றாகிவிடும், தொகை தப்பும். பெயர்களை மட்டும் ஒன்றாக்குங்கள். மேற்கோளுக்குள் இருக்கும் சரத்தைத் தொடவே கூடாது, அது அவர்களுடைய தரவு. ஆனால் சரத்தை வைத்து வேரியபிளைத் தேடும் வசதி உங்கள் மொழியில் இருந்தால், தேடும் இடத்தில் அந்தச் சரத்தின் நகலுக்கும் அதே மாற்றம் வேண்டும். பெயரைச் சரமாகக் கொடுத்துத் தேடும் பைதானின் கெட்ஆட்ர் அதைச் செய்யாததால் அரையகலப் பெயர் அங்கே கிடைக்காமல் போகும்.

ஜப்பானிய விசைமுறையில் ஸ்பேஸ் தட்டினால் பெரும்பாலும் முழு அகல இடைவெளி விழும், எண் 3000. பழைய ஜிசிசி (சி மொழிக் கம்பைலர்) அதன் மூன்று பைட்டுகளையும் தனித்தனியே எடுத்து 343, 200, 200 என்று மூன்று பிழை காட்டும். இடைவெளி என்று யாருக்கும் புரியாது. நீங்கள் அதைச் சாதாரண இடைவெளியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய எழுத்தில் தொடங்கினால் ஒரு பொருள், சிறிய எழுத்தில் தொடங்கினால் வேறு பொருள் என்ற விதி இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். காஞ்சியில் பெரியது சிறியது கிடையாது. ரூபியில் காஞ்சியில் தொடங்கும் வகுப்புப் பெயர் வைக்க முடியாததற்கு இதுவே காரணம்.

கடைசியாகப் பிழைச்செய்தி. நான்கு காஞ்சி கொண்ட ஒரு பெயர் யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் பொதுவாக 12 பைட், திரையில் எழுத்துக்கு இரண்டாக 8 கட்டம். பிழை இருக்கும் இடத்தைக் காட்டும் அம்புக்குறியைப் பைட் எண்ணிக்கையில் நகர்த்தினால் நான்கு கட்டம் தள்ளி நிற்கும், எழுத்து எண்ணிக்கையில் நகர்த்தினால் நான்கு கட்டம் முன்னாலேயே நின்றுவிடும். திரை அகலத்தை வைத்துத்தான் நகர்த்த வேண்டும்.