கே.ஆர்.பி. அணையில் பெண்களுக்கான பாய்மரப் படகுப் போட்டி: கேட்டதும் சொன்னதும்

கிருஷ்ணகிரி அணையில் பன்னிரண்டு சின்னப் படகுகளை வைத்துப் பெண்களுக்கென்று இரண்டு நாள் பாய்மரப் போட்டி நடத்தலாம் என்று நாங்கள் சிலர் பேசத் தொடங்கியதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. நான் காவேரிப்பட்டணத்துக்காரி. சென்னையில் பாய்மரம் கற்று, பதினைந்து வருடமாகப் போட்டிக் குழுவில் வேலை பார்க்கிறேன். விதி, ஏற்பாடு, பாதுகாப்பு மூன்றையும் தாராளமாகக் கேளுங்கள்.

அக்கா, எனக்கு நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு கலந்துகொள்ளலாமா? (பர்கூர், கல்லூரி மாணவி)

பயிற்சிக்கு வாம்மா, போட்டிக்கு இப்போது வேண்டாம். லைஃப் ஜாக்கெட் மிதக்க வைக்கும், பயத்தைப் போக்காது. கவிழ்ந்ததும் தலை தண்ணீருக்குள் போய் வரும் அந்த இரண்டு விநாடியில் பதறாமல் இருப்பதற்குத்தான் நீச்சல் தேவை. போட்ட துணியோடு ஐம்பது மீட்டர் நீந்திக் காட்டினால் உன் பெயரை எழுதிக்கொள்வேன்.

ஜாக்கெட்டைப் பற்றி ஒன்று சொல்கிறேன். தொடைக்கு நடுவில் வந்து மாட்டும் பட்டை இருக்கிறதே, கூச்சப்பட்டுக்கொண்டு அதைப் பாதிப் பெண்கள் தொங்க விட்டுவிடுவார்கள். தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மட்டும் மேலே ஏறிக் காதுவரை வந்து நிற்கும், ஆள் கீழே இருப்பாள். பட்டையை மாட்டு. அப்புறம், எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: படகு கவிழ்ந்தால் படகை விட்டுக் கரைக்கு நீந்தாதீர்கள். கரை பக்கத்தில் இருப்பதுபோலத்தான் தெரியும். கவிழ்ந்த படகு மிதக்கும், தூரத்திலிருந்து கண்ணில் படும். உங்கள் தலை படாது.

ஒகேனக்கல் பரிசலில் பாய் கட்டிக்கொண்டு வரலாமா? எங்கள் வீட்டுப் பெண்கள் துடுப்புப் போடுவதில் கெட்டிக்காரர்கள். (பென்னாகரம்)

கேட்டதற்கே சந்தோஷம் அண்ணா. ஆனால் பரிசலால் காற்றுக்கு எதிரே ஏற முடியாது. வட்டமாக, அடி தட்டையாக இருப்பதால் பாய் கட்டினால் காற்று போகிற பக்கம்தான் அதுவும் போகும். போட்டிப் பாதையில் முதல் மிதவையே காற்று வரும் திசையில்தான் இருக்கும்.

பாய்மரப் படகு எப்படி ஏறுகிறது என்றால், நடுவில் ஒரு பலகையைத் தண்ணீருக்குள் இறக்குவோம், டாகர்போர்டு என்று பெயர். பாயைக் காற்று பக்கவாட்டில் தள்ளும், பலகை பக்கவாட்டில் போக விடாது. ஈரப் புளியங்கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் பிதுங்கி முன்னால் ஓடுகிறதல்லவா, அதேதான். நேர் எதிரே போகாது, ஏறக்குறைய நாற்பத்தைந்து பாகை சாய்த்து இப்படி ஒரு முறை, அப்படி ஒரு முறை என்று வளைந்து வளைந்து ஏறும்.

துடுப்புக்கு விதியில் இடமே இல்லை. சர்வதேசப் பாய்மரப் போட்டி விதிகளில் 42ஆம் விதி காற்றையும் தண்ணீரையும் மட்டும் வைத்து ஓட்டச் சொல்கிறது. துடுப்பு மட்டுமா, படகை ஆட்டி ஆட்டி நகர்த்துவது, சுக்கானை மீன் வால் மாதிரி அடிப்பது, பாயை விசிறுவது எல்லாமே குற்றம். ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்றப் போகும்போது மட்டும் எதை வேண்டுமானாலும் செய்யலாம். உங்கள் வீட்டுப் பெண்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுப்புங்கள். நீரோட்டத்தைப் படிக்கத் தெரிந்தவளுக்குக் காற்றைப் படிக்கக் கற்றுக்கொடுப்பது சுலபம்.

போட்டி எப்படித் தொடங்கும்? விசில் ஊதினால் கிளம்பிவிட வேண்டியதுதானா? (ஓசூர்)

ஓட்டப்பந்தயம் மாதிரி வரிசையாக நிறுத்த முடியாது, காற்று படகை நிற்க விடாது. அதனால் ஐந்து நிமிடக் கணக்கு. ஐந்து நிமிடம் இருக்கும்போது வகுப்புக் கொடி, அதாவது எந்த வகைப் படகுக்கான பந்தயம் என்று காட்டும் கொடி, ஏறும். நான்கில் பி (P) கொடி ஏறும், அதிலிருந்து நீங்கள் விதிக்குள் வந்துவிட்டீர்கள். ஒரு நிமிடம் இருக்கும்போது பி இறங்கும், நீண்ட ஒலி கேட்கும். பூஜ்யத்தில் வகுப்புக் கொடி இறங்கினால் தொடக்கம். அந்த ஐந்து நிமிடமும் கோட்டுக்குப் பின்னால் சுற்றிச் சுற்றி வந்து, சரியான விநாடியில் வேகத்தோடு கோட்டைத் தொடுவதில்தான் பாதிப் போட்டி முடிகிறது. ஒலியை நம்பாதீர்கள், கொடியைப் பாருங்கள். ஒலி வராமல் போனாலும் கொடிதான் கணக்கு என்று விதியே சொல்கிறது.

நீச்சல் அவ்வளவாகத் தெரியாது, ஆனால் ஆர்வம் இருக்கிறது... (மத்தூர்)

முதல் பதிலைப் படியுங்கள்.

பயிற்சிப் போட்டியில் நான் ஸ்டார்போர்டு டேக்கில் வந்தேன். எதிரே வந்தவள் போர்ட் டேக். விலக வேண்டியவள் அவள்தான். விலகவில்லை, இடித்துவிட்டது. நடுவர் இரண்டு பேரையும் தகுதி நீக்கம் செய்தார். இது என்ன நியாயம் அக்கா? (கிருஷ்ணகிரி)

புதிதாகப் படிப்பவர்களுக்காக: காற்று வலப்பக்கமிருந்து வந்தால் ஸ்டார்போர்டு டேக், இடப்பக்கமிருந்து வந்தால் போர்ட் டேக். 10ஆம் விதிப்படி போர்ட்டில் வருபவள் விலக வேண்டும். அதுவரை நீ சொல்வது சரி. ஆனால் 14ஆம் விதி இருக்கிறது: முடிந்தவரை யாரும் யாரையும் இடிக்கக் கூடாது. உரிமை உள்ளவள், எதிராளி விலகப் போவதில்லை என்பது தெளிவாகும்வரை சும்மா இருக்கலாம். தெளிவான பிறகும் சும்மா இருந்து, படகுக்குச் சேதமோ ஆளுக்குக் காயமோ ஏற்பட்டால் அவளும் குற்றவாளிதான். சேதம் ஏதாவது ஆனதா?

இடித்தது என் படகைத்தான். பக்கவாட்டு விளிம்பு ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்துவிட்டது. அவள் ‘ஸ்டார்போர்டு’ என்று கத்தவே இல்லை, கத்தியிருந்தால் விலகியிருப்பேன். (இன்னொரு படகில் இருந்தவள்)

கத்த வேண்டும் என்று விதி இல்லை தங்கை. கத்துவது நல்ல பழக்கம், கடமை கிடையாது. பாய்க்குக் கீழே குனிந்து அந்தப் பக்கம் பார்ப்பது உன் வேலை. நீ பார்க்கவில்லை.

அப்படியானால் உரிமை இருந்து என்ன பயன்? என் மகள் எதற்கு விலக வேண்டும்? நேராக வந்தவளுக்குத் தண்டனை என்றால் நாளைக்கு எல்லாரும் குறுக்கே வருவார்கள். (முதலில் கேட்ட பெண்ணின் அப்பா)

ஐயா, தொப்பூர் கணவாயில் இறங்கும்போது எதிரே ஒரு லாரி தப்பான பக்கம் ஏறி வருகிறது. உங்கள் பக்கம் உங்களுக்குரியது என்பதற்காக நேராகப் போய் மோதுவீர்களா? பிரேக்கை மிதித்துவிட்டு, அப்புறம்தான் சண்டை போடுவீர்கள். இங்கேயும் அதேதான். உங்கள் மகள் விலகியிருக்க வேண்டும், விலகும்போதே ‘ப்ரொடெஸ்ட்’ என்று உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். ஆறு மீட்டருக்குக் குறைவான படகுக்குச் சிவப்புக் கொடி காட்ட வேண்டியதில்லை, சொன்னாலே போதும். கரைக்கு வந்து எழுதிக் கொடுத்திருந்தால் விசாரணையில் அவள்தான் ஜெயித்திருப்பாள், படகும் பிளந்திருக்காது. விலகுவதால் உரிமை போய்விடாது.

ஆனால் எனக்குத் தெளிவானபோது ஒரு படகு நீளம்கூட இடைவெளி இல்லை. (மறுபடியும் முதல் பெண்)

இதுதான் சரியான கேள்வி, விசாரணையில் இதைத்தான் பேசியிருக்க வேண்டும். வீட்டில் நான்கு புளியங்கொட்டையை எடுத்துத் தரையில் வை. இரண்டு உனக்கு, இரண்டு அவளுக்கு. இடித்த இடத்திலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு படகு நீளமாக நகர்த்திப் பார். மூன்று நீளம் இருக்கும்போது அவள் முகம் எந்தப் பக்கம் இருந்தது? உன்னைப் பார்க்கவே இல்லை என்பது உனக்குத் தெரிந்ததா? தெரிந்திருந்தால் அப்போதே தெளிவாகிவிட்டது. கடைசி நொடியில்தான் தெரிந்தது, அதன் பிறகு திருப்பியும் பயனில்லை என்றால் உன்மேல் குற்றம் இல்லை. நடுவர்கள் கேட்பது இந்த மூன்று நீளக் கதையைத்தான்.

போர்ட்டில் வந்த தங்கைக்கு ஒன்று. தப்புச் செய்தது உடனே தெரிந்தால் கூட்டத்தை விட்டுத் தள்ளிப் போய் படகை இரண்டு முழு வட்டமாகச் சுற்றிவிட்டுத் தொடரலாம், அதோடு கணக்குத் தீர்ந்தது. பெரிய சேதமோ காயமோ உன்னால் ஏற்பட்டிருந்தால் மட்டும் சுற்றுப் போட்டுத் தப்ப முடியாது, அந்தப் பந்தயத்திலிருந்து விலக வேண்டும்.

இன்னும் ஆறு பேர் இதையே கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் இதே பதில்தான்.

மகள் ஓட்டட்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து வழி மட்டும் சொல்கிறேனே? (சூளகிரி)

கூடாது ஐயா. கரையில் படகு தூக்க ஆள் வேண்டும், வாருங்கள்.

புள்ளி எப்படிப் போடுவீர்கள்? முதல் பரிசு வாங்கியவளைவிட என் தங்கை அதிகப் புள்ளி எடுத்தும் தோற்றாள் என்கிறார்கள். (தருமபுரி)

இங்கே குறைந்த புள்ளிதான் வெற்றி. முதலில் வந்தால் 1, இரண்டாவதாக வந்தால் 2. முடிக்காதவளுக்குப் பதிவு செய்த படகுகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதல். பன்னிரண்டு படகு என்றால் 13. ஆறு பந்தயம் நடந்து, மோசமான ஒன்றைக் கழிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி எடுத்தது 2, 1, 4, 13, 3, 2. பதின்மூன்றைக் கழித்தால் 12. இன்னொருத்தி 1, 1, 5, 3, 3, 4. ஐந்தைக் கழித்தால் அவளும் 12. சமம். இப்போது கழித்ததை விட்டுவிட்டு நல்லதிலிருந்து மோசம்வரை வரிசையாக எழுதுங்கள்: ஒருத்திக்கு 1, 2, 2, 3, 4. இன்னொருத்திக்கு 1, 1, 3, 3, 4. இரண்டாவது இடத்திலேயே வித்தியாசம் தெரிகிறது, இரண்டு முதலிடம் எடுத்தவள் ஜெயித்தாள். ஒரு நாள் கவிழ்ந்தால் எல்லாம் போயிற்று என்று அழுகிற பெண்களுக்கு இந்தக் கணக்கைக் கட்டாயம் காட்டுங்கள்.

சுடிதாரோடு ஓட்டலாமா? மாதவிடாய் நாளாக இருந்தால்? (ஊத்தங்கரை)

துப்பட்டா கிடையாது, உடம்போடு ஒட்டிய முழுக்கால் உடை, முழுக்கை, தொப்பி. முடியைப் பின்னி உள்ளே சொருகிவிடுங்கள். பாய்க் கயிறு ஓடும் கப்பியில் ஒரு முறை முடி சிக்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், கத்தியால் அறுத்துத்தான் எடுத்தோம்.

அந்த நாட்களில் இறங்குவதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு. 3ஆம் விதியே அதைத்தான் சொல்கிறது: பந்தயத்தில் இறங்குவதும் தொடர்வதும் ஓட்டுபவரின் பொறுப்பு. நாங்கள் யாரும் காரணம் கேட்க மாட்டோம். ஏற்பாட்டாளர்களிடம் நான் பிடிவாதமாகக் கேட்பது வேறு: கரையில் தாழ்ப்பாள் உள்ள கழிவறை, தண்ணீர், உடை மாற்ற மறைவான இடம். இவை இல்லாமல் பெண்கள் போட்டி என்று அறிவிக்காதீர்கள். கழிவறை இல்லையென்று பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நான்கு மணி நேரம் ஓட்டி மயங்கி விழுவார்கள்.

நீச்சல் தெரியாதவர்களுக்குத் தனிப் பிரிவு வைத்தால் என்ன? (வேப்பனப்பள்ளி)

வைக்க மாட்டேன். தண்ணீருக்குத் தனிப் பிரிவு கிடையாது.

எந்த மாதம் நடத்துவது? யாரிடம் அனுமதி? (காவேரிப்பட்டணம்)

ஆடியில் வேண்டாம். அம்மி பறக்கிற காற்றில் புதியவர்களை இறக்கக் கூடாது. சித்திரையிலும் ஐப்பசியிலும் மத்தியானத்துக்கு மேல் இடி வரும், அலுமினியப் பாய்மரத்தோடு தண்ணீர் நடுவில் நிற்க முடியாது. தை, மாசி எனக்குப் பிடித்த மாதங்கள். அதிகாலையில் காற்று செத்துக் கிடக்கும், வெயில் ஏறியதும் எழும், அதற்கேற்ப நேரம் வையுங்கள். புதியவர்கள் என்றால் 12 நாட், அதாவது மணிக்கு 22 கிலோமீட்டருக்கு மேல் காற்று போனால் நான் தொடங்க மாட்டேன்.

அணை நீர்வளத் துறையுடையது. அவர்களிடமும் ஆட்சியர் அலுவலகத்திலும் எழுத்தில் வாங்குங்கள். மீன் பிடிப்பவர்களிடம் நேரில் போய் வலை எங்கே கிடக்கிறது என்று கேளுங்கள். மதகுப் பக்கம் பாதை போடவே கூடாது. அணை 52 அடியில் நிரம்பி இருக்கும்போது போட்ட பாதை, தண்ணீர் இறங்கியதும் பாறையும் சேறுமாக இருக்கும், அதனால் முந்தின நாள் மறுபடி அளந்து பாருங்கள். கரையில் பாய்மரத்தை நிமிர்த்தும் முன் தலைக்கு மேல் மின்கம்பி போகிறதா என்று பாருங்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

மீட்புப் படகு குறைந்தது இரண்டு. ஓட்டுபவர் இன்ஜினை நிறுத்தும் கயிற்றைக் காலில் மாட்டியிருக்க வேண்டும், தண்ணீரில் இருக்கும் ஆளை நெருங்கியதும் இன்ஜினை அணைக்க வேண்டும். முதலில் ஆள், அப்புறம் படகு. கவிழ்ந்தவள் படகைப் பிடித்துக்கொண்டு இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். படகை விடாதீர்கள்.

கடலே இல்லாத ஊரில் இது எதற்கு? பணக்காரர்கள் விளையாட்டு. (பெயர் போடவில்லை)

ஹைதராபாத்தில் கடல் இல்லை, ஹுசைன் சாகரில் வருடா வருடம் பந்தயம் நடக்கிறது. சென்னைப் பெண் நேத்ரா குமணன் 2021இல் டோக்கியோவுக்குத் தகுதி பெற்றார், ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். பாரிஸிலும் ஓட்டி 21ஆவது இடத்தில் வந்தார். புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா, தில்னாவோடு சேர்ந்து இரண்டே பேராகத் தாரிணி என்ற கடற்படைப் படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார். ஒலிம்பிக்கில் பெண்களுக்கென்று தனிப் பாய்மரப் போட்டி வந்ததே 1988இல்தான். பணத்தைப் பற்றிச் சொன்னது உண்மை, அதனால்தான் பன்னிரண்டு படகையும் பொதுவில் வைத்து, பந்தயத்துக்குப் பந்தயம் மாற்றி ஓட்டுவது என்று திட்டம் போட்டிருக்கிறோம். யாரும் படகு வாங்க வேண்டாம்.

நான் தையல்காரி. படகு ஓட்ட வராது. கொடி தைத்துத் தரட்டுமா அக்கா? அளவும் நிறமும் சொல்லுங்கள். (போச்சம்பள்ளி)

தாராளமாகத் தைத்துக் கொடு தங்கை. கடைசிப் படகுக்கும் தெரிய வேண்டும், அதனால் இரண்டடிக்கு இரண்டரை அடி வை. பி கொடி: நீலம், நடுவில் வெள்ளைச் சதுரம். எக்ஸ்: வெள்ளை, நடுவில் நீலக் கூட்டல் குறி. ஒருத்தியோ இருவரோ தொடக்கத்துக்கு முன்பே கோட்டைத் தாண்டிப் போனால் இதை ஏற்றித் திருப்பிக் கூப்பிடுவோம். என் (N): நீலமும் வெள்ளையுமாகப் பதினாறு கட்டம், பந்தயம் ரத்து. ஏ.பி.: நுனி குறுகிய நீளக் கொடி, சிவப்பும் வெள்ளையும் செங்குத்துப் பட்டையாக, தள்ளிவைப்புக்கு. இதை இரண்டாகத் தைத்துவிடு, நம் ஊர்க் காற்றுக்கு அதிகம் ஏறப்போவது இதுதான். மெல்லிய நைலான் எடு, கனத்த பருத்தி என்றால் காலைக் காற்றில் தொங்கிக்கொண்டே இருக்கும். கம்பத்துப் பக்க ஓரத்தை மடித்து இரட்டைத் தையல் போடு, மேலும் கீழும் கயிறு கட்ட வளையம் வை. கொடி ஏற்றும் படகில் ஒரு ஆள் குறைவாக இருக்கிறது. தைத்தவளே வந்து ஏற்றினால் நன்றாக இருக்கும், கடிகாரம் பார்க்கத் தெரிந்தால் போதும்.