வாசகர் கேள்வி – பதில்: கப்டனின் மகள் எந்த மொழியில் காதலிப்பாள்?

கேள்வி: வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் பிரித்தானியரிடமிருந்து முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றிய 1803ஆம் ஆண்டைக் களமாகக் கொண்டு, வன்னி இளைஞன் ஒருவனுக்கும் பிரித்தானியக் கப்டனின் மகளுக்கும் இடையிலான காதலை இளையோருக்கான நாவலாக எழுதி வருகிறேன். தோழிகள் இதைச் சினிமாக் கதை என்கிறார்கள். தங்கள் கருத்து என்ன?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: தோழிகள் சொல்வதில் நியாயம் உண்டு, ஆனால் குறை காதலில் இல்லை, நீங்கள் தெரிவு செய்த பெண்ணில் இருக்கிறது. இருவரும் எந்த மொழியில் பேசிக்கொள்வார்கள்? அவள் முதல் அத்தியாயத்திலேயே சரளமாகத் தமிழ் பேசினால் வாசகர் நம்பமாட்டார். முதலியார் (ஆங்கில ஆட்சியின் உள்ளூர் அதிகாரி) ஒருவர் நடுவில் நின்று மொழிபெயர்க்க வளரும் காதலையோ நகைச்சுவையாக மட்டுமே எழுத முடியும்.

அக்காலத்தில் இலங்கையிலிருந்த பிரித்தானியப் படையில் மலாய் வீரர்களும் இருந்தனர். ஒல்லாந்தர் காலத்திலிருந்தே இங்கு படைத்தொழில் செய்துவந்த அவர்கள், மனைவி மக்களையும் தம்மோடு அழைத்துச் செல்லும் வழக்கம் உடையவர்கள். இஸ்லாமியர்களாதலால், தமிழ் பேசும் முஸ்லிம்களோடு பழகிச் சிறிது தமிழ் அறிந்திருப்பதும் இயல்பே. அத்தகைய குடும்பம் ஒன்றைக் கற்பனையாக முல்லைத்தீவில் குடியமர்த்தி, அவ்வீட்டுப் பெண்ணை உங்கள் கதாநாயகியாக்கிப் பாருங்கள். அரைகுறைத் தமிழில் தொடங்கும் நட்பு காதலாகக் கனிவதற்கு முன்பே ஆகஸ்ட் 25இல் கோட்டை வீழ்கிறது. அவளுடைய தகப்பன் வெள்ளையரின் கூலிக்குப் போரிடுபவன், இவனுடைய அண்ணன் வன்னியனின் படையில் நிற்பவன். அங்கிருந்து, ஒக்டோபர் 31ஆம் திகதி உங்கள் ஊருக்கு அருகிலுள்ள கற்சிலைமடுவில் பிரித்தானியப் படையின் கப்டன் வொன் டிரிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடிக்கும் வரையான இரண்டு மாதங்களில், யார் யாருக்கு அடைக்கலம் கொடுப்பது என்ற கேள்வியே நாவலை நடத்திச் செல்லும். போர்க்காட்சிகளைக் குறைத்துக்கொள்ளலாம், அவற்றை நம் கூத்துகளும் நாடகங்களும் வேண்டிய அளவு காட்டிவிட்டன.

கேள்வி: பழைய வன்னியின் அன்றாட வாழ்வை அறிய எதைப் படிக்கலாம்?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: ஜே. பி. லூயிஸ் 1895இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கையேட்டில் தொடங்குங்கள். அது ஓர் ஆட்சி அதிகாரியின் பார்வை என்பதையும், 1803க்கு ஏறத்தாழ 90 ஆண்டுகள் பிந்தியது என்பதையும் நினைவில் வைத்து, ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்டுச் சரிபார்ப்பது நல்லது. பண்டாரவன்னியன் காலத்துப் பாத்திரங்களை இரணைமடு அணைக்கட்டில் மட்டும் உலவ விட்டுவிடாதீர்கள். அக்குளத்தின் கட்டுமான வேலை 1902இல்தான் தொடங்கியது.