சாம்ப் ஆம்புக்கு ஸ்பிரிங் ரிவெர்ப்: சேசிஸில் துளை போடும் முன்

கேள்வி: ஃபெண்டர் சாம்ப் 5எஃப்1 சர்க்யூட்டைப் பார்த்து நானே கட்டிய 5 வாட் ட்யூப் ஆம்ப் வைத்திருக்கிறேன். 8 ஓம் இன்புட் உள்ள நீளமான ஸ்பிரிங் டேங்க் (ஸ்பிரிங் அதிர்வால் ரிவெர்ப், அதாவது எதிரொலி, தரும் பெட்டி) ஒன்றும் கையில் இருக்கிறது. அதை ஆம்புக்குள்ளேயே சேர்க்க என்ன செய்ய வேண்டும்?

சேர்க்கலாம். ஆனால் சேர்த்து முடிக்கும்போது அது சாம்பாக இருக்காது, ரிவெர்ப் உள்ளேயே இருக்கும் ஃபெண்டரின் இன்னொரு ஆம்பான பிரின்ஸ்டன் ரிவெர்ப் ஆகியிருக்கும்.

உங்கள் ஆம்பில் சிக்னலைப் பெருக்கும் ஒரே இரட்டை ட்யூபான 12ஏஎக்ஸ்7-இன் இரண்டு பாதிகளும் ஏற்கெனவே வேலையில் இருக்கின்றன. டேங்கின் இன்புட் காயிலுக்கு வோல்டேஜைவிட கரன்ட்தான் தேவை. ஃபெண்டர் 12ஏடி7 என்ற இரட்டை ட்யூபின் இரு பாதிகளையும் இணையாகக் கட்டி, ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வழியாக அதை ஓட்டினார்கள். ஸ்பிரிங் வழியே வந்து சேர்வது சில மில்லிவோல்ட்தான். அதைத் தூக்கிவிட இன்னொரு 12ஏஎக்ஸ்7-இல் ஒரு பாதி, கலக்கும் இடத்தில் போகும் கெயினை ஈடுகட்ட இன்னொரு பாதி. ஆக இரண்டு ட்யூப் கூடுதல். இப்போது ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ட்யூபான 6வி6-உம் 12ஏஎக்ஸ்7-உம் சேர்ந்து, சூடாவதற்கு 0.75 ஆம்பியர் ஹீட்டர் கரன்ட் எடுக்கின்றன, அதோடு இன்னும் 0.6 ஆம்பியர் வரும். உங்கள் பவர் டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா? அதற்கென்று பெரிதாக வாங்கியிருந்தால் ஒழிய, எனக்கு நம்பிக்கையில்லை. 17 அங்குல டேங்க் அந்தப் பெட்டிக்குள் உட்காராது என்பது தனிக்கதை.

இன்னொரு ஆம்ப் இருந்தால், அது பயிற்சிக்கு வைத்திருக்கும் சின்ன டிரான்சிஸ்டர் ஆம்பாக இருந்தாலும் போதும், இப்படிச் செய்யுங்கள். சாம்பின் ஸ்பீக்கர் முனையிலிருந்து 220 ஓம், 1 வாட் ரெசிஸ்டரும் 2.2 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டரும் தொடராகப் போட்டு டேங்கின் இன்புட்டுக்குக் கொடுங்கள். ஸ்பீக்கரைக் கழற்ற வேண்டாம், அது அப்படியே இணைந்திருக்க வேண்டும். லோடு இல்லாமல் ட்யூப் ஆம்பை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். 4 ஓம் ஸ்பீக்கர் என்றால், 5 வாட்டில் ஏறக்குறைய 4.5 வோல்ட் இருக்கும். டேங்குக்கு 20 மில்லிஆம்பியர் போகும், அது போதும். அந்தக் கெப்பாசிட்டர் 330 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் குறைத்துவிடும். இல்லாவிட்டால் தடித்த கம்பியை மீட்டும்போதெல்லாம் ஸ்பிரிங் கொழகொழவென்று குழம்பும். ஃபெண்டரும் டேங்கை ஓட்டும் அந்த 12ஏடி7-க்கு முன்னால் 500 பிகோஃபாரட் போட்டு கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் பேஸை வெட்டினார்கள்.

டேங்கின் அவுட்புட்டை ஷீல்டு கேபிளில் இரண்டாவது ஆம்பின் கிட்டார் இன்புட்டில் செருகுங்கள். சாம்புக்கே திருப்பி அனுப்பிவிடாதீர்கள், ஊளையிடும். ரிவெர்ப் எவ்வளவு வேண்டும் என்பதை இரண்டாவது ஆம்பின் வால்யூம் பார்த்துக்கொள்ளும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, 6வி6 கிழிந்து பாடும் சத்தத்துக்குப் பின்னால் ரிவெர்ப் வருவதுதான். உள்ளே பொருத்தினால் ரிவெர்ப்பும் சேர்ந்து கிழிபடும்.

ஹம் என்ற ரீங்கார இரைச்சல் வந்தால் முதலில் டேங்கை எடுத்து வேறு பக்கம் திருப்பிப் பாருங்கள். நான் ஒருமுறை சர்க்யூட்டில் தப்பு என்று நினைத்து இரண்டு மணி நேரம் துழாவினேன். டேங்கின் அவுட்புட் முனை பவர் டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டிக் கிடந்திருக்கிறது, அவ்வளவுதான். அப்புறம், டேங்கில் இன்புட் சாக்கெட்டின் கிரவுண்ட் உடலோடு ஒட்டாமல், அவுட்புட் மட்டும் ஒட்டியிருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒட்டியிருந்தால் இரண்டு ஆம்பின் எர்த்தும் சேர்ந்து ஹம் போடும்.

ஒரு மாதம் இப்படி வாசித்த பிறகும் உள்ளேயே வேண்டும் என்று தோன்றினால், சாம்பைத் தொடாமல் பிரின்ஸ்டன் ரிவெர்ப் சர்க்யூட்டைப் புதிய சேசிஸில் கட்டுங்கள்.