நுரை நிற்கவில்லையா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

கேள்வி: இதுவரை கார்ட்ரிட்ஜ் ரேசரும் டப்பா ஃபோமும்தான் பயன்படுத்தி வந்தேன். இப்போது இருபுறமும் பிளேடு முனை உள்ள பழைய வகை ரேசரும் பிரஷ்ஷும் வாங்கிவிட்டேன். ஷேவிங் சோப்பில் குச்சி, வட்டு, ட்யூப் கிரீம் என்று பல வகைகள் இருக்கின்றனவே, புதியவனான நான் எதை வாங்குவது? (கல்லூரி மாணவர், கொருக்குப்பேட்டை)

பதில்: தங்கள் வீட்டுக் குழாயில் வருவது குடிநீர் வாரியம் தரும் மெட்ரோ தண்ணீரா, ஆழ்துளைக் கிணற்றின் போர் தண்ணீரா என்பதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் இதற்கு விடை சொல்ல முடியும். மெட்ரோ தண்ணீர் என்றால் குச்சி வடிவச் சோப்பு வாங்குங்கள். நனைந்த தாடியின் மீது நேராகத் தேய்த்துவிட்டால் போதுமான சோப்பு முகத்தில் ஏறிவிடும், தனிக் கிண்ணமும் வேண்டாம். போர் தண்ணீர் என்றால் ட்யூப் கிரீமில் தொடங்குவதே நல்லது.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். குளியல் சோப்பு பெரும்பாலும் சோடியம் உப்புகளால் ஆனது. அதன் நுரை சீக்கிரம் பொங்கிச் சீக்கிரமே அடங்கிவிடும். ஷேவிங் சோப்பில் ஸ்டியரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தின் பங்கு அதிகம். சோடியம் காரமான காஸ்டிக் சோடாவுடன், பொட்டாசியம் காரமான காஸ்டிக் பொட்டாஷையும் சேர்த்தே அதைக் காய்ச்சுகிறார்கள். ஸ்டியரிக் அமிலத்தால் நுரை நெருக்கமாகவும் நீடித்தும் நிற்கிறது. பொட்டாசியத்தால் சோப்பு நீரில் எளிதாகக் கரைகிறது. கிளிசரின் ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. கிரீம்களில் பொட்டாசியத்தின் பங்கு இன்னும் கூடுதல் என்பதால், சோப்பு எளிதில் நுரைக்காத போர் தண்ணீரிலும் அவை ஓரளவு கரைந்து நுரைக்கும். கார்ட்ரிட்ஜில் பிளேடுக்கு மேலே இருந்த வழவழப்புப் பட்டை புதிய ரேசரில் கிடையாது. பிளேடு வழுக்கிச் செல்வதற்கான முழுப் பொறுப்பும் சோப்பின் மீதே விழுகிறது. ஆகையால் குளியல் சோப்பைக் கொண்டு சமாளித்துக்கொள்ளலாம் என்று தயவுசெய்து எண்ண வேண்டாம்.

முதல் சோப்பே இத்தாலியின் ப்ரோராசோவாகவோ துருக்கியின் ஆர்க்கோவாகவோ இருக்க வேண்டிய அவசியமில்லை. தெருமுனைக் கடையில் கிடைக்கும் கோத்ரெஜ், பாமோலிவ், ஓல்ட் ஸ்பைஸ் கிரீம்களில் ஒன்றே பழகுவதற்குப் போதும். ஒன்றை வாங்கினால் அது தீரும்வரை அதையே பயன்படுத்துங்கள். வாரம் ஒரு சோப்பு மாற்றுகிறவருக்குக் குறை சோப்பிலா, தம் கையிலா என்பது விளங்காமலே போய்விடும்.

கேள்வி: சொல்லப்படுகிற முறைப்படியே செய்தும், ஒரு கன்னத்தை மழித்து முடிப்பதற்குள் மறு கன்னத்தில் நுரை காய்ந்துவிடுகிறது. சோப்பை மாற்றியும் பயனில்லை. எங்கள் குடியிருப்பில் போர் தண்ணீர்தான். (வாசகர், திருவொற்றியூர்)

பதில்: தாங்கள் சோப்பை மாற்றியதற்குப் பதிலாக ஒரே ஒரு நாள் தண்ணீரை மாற்றிப் பார்த்திருந்தால் காரணம் தெரிந்திருக்கும். கடினநீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்புடன் சேர்ந்து, நீரில் கரையாத வெள்ளைத் திரிகளாக மாறிவிடுகின்றன. வாளியின் விளிம்பில் படியும் அழுக்கு வளையமும் பெரும்பாலும் அதுதான். நாம் எடுக்கும் சோப்பில் ஒரு பகுதி இப்படி வீணான பிறகு, எஞ்சியது மட்டுமே நுரையாகிறது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் கூறுகிறது. குடிப்பதற்கு அனுமதிக்கப்பட்ட அந்த மேல் அளவே நுரைக்குப் பெரும் பகையாகும்.

கடலோரத்தில் இதனுடன் உப்பும் சேர்ந்துகொள்கிறது. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உள்ளே புகுந்த கதை வடசென்னைக்காரர்கள் அறிந்ததே. சோப்பு ஆலைகளில் காய்ச்சிய கலவையிலிருந்து சோப்பைத் தனியே பிரிப்பதற்கு உப்பைத்தான் சேர்க்கிறார்கள். உப்பு நீரில் சோப்பு கரைய மறுக்கும் என்பதே அதன் அடிப்படை. கரிக்கிற தண்ணீரைத் தொட்டுக்கொண்டு குழைத்தால் எந்த விலைமிக்க சோப்பும் சற்றுத் திணறத்தான் செய்யும்.

ஒரே மாதிரியான இரண்டு பாட்டில்களில் மூன்றில் ஒரு பங்கு வரை, ஒன்றில் போர் தண்ணீரும் மற்றதில் கேன் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் சீவிய சோப்புத் துணுக்கைச் சம அளவில் போட்டுக் குலுக்குங்கள். போர் தண்ணீர் கலங்கி, மேலே நுரைக்குப் பதிலாக ஆடை போல் ஏதோ மிதந்தால் ஐயம் தீர்ந்தது. பாடி வாஷ், ஷாம்பு போன்றவற்றை இந்தச் சோதனைக்குப் பயன்படுத்தக் கூடாது. அவை கடினநீரிலும் நுரைத்து உங்களை ஏமாற்றிவிடும்.

தீர்வு எளிது. மழிப்பதற்கு ஒரு டம்ளர் கேன் தண்ணீர் போதும். பிரஷ்ஷையும் அதிலேயே ஊறவையுங்கள், ஏனெனில் அதன் மயிர்களுக்கிடையே தங்கும் நீர்தான் நுரைக்குள் போகிறது. முகம் கழுவ வழக்கமான தண்ணீரே இருக்கட்டும். காய்ச்சினால் கடினத்தன்மை போய்விடும் என்பது பாதி உண்மைதான்: பைகார்பனேட்டால் வந்தது மட்டுமே அடியில் படியும், குளோரைடும் சல்ஃபேட்டும் அப்படியே இருக்கும். உறையில் இ.டி.டி.ஏ. என்ற பொருள் குறிப்பிடப்பட்டிருந்தால் அந்தச் சோப்பைத் தேர்ந்தெடுங்கள். அது கால்சியத்தைப் பற்றிக்கொண்டு சோப்பைக் காப்பாற்றுகிறது.

குழைக்கும்போது பிரஷ்ஷை நன்றாக உதறிவிட்டு, கூடுதலாகவே சோப்பு எடுங்கள். முதலில் பிசுபிசுப்பான பசையாகத்தான் இருக்கும். பிரஷ்ஷின் நுனியை மட்டும் நீரில் தொட்டுத் தொட்டுச் சுழற்றினால், மங்கலாக இருந்த வெண்மையில் மெல்ல ஒரு பளபளப்பு ஏறி, கெட்டித் தயிரின் பதம் வரும். சிறிது எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். ஒட்டினால் நீர் போதவில்லை. கண்ணுக்குத் தெரியும் குமிழிகள் இருந்தால் நீர் மிகுந்துவிட்டது. தங்களுக்கு நுரை காய்வதில் நீர்க்குறைவுக்கும் பங்கிருக்கலாம்; புதிதாகப் பழகுகிற பலரும் தேவைக்குக் குறைவாகவே நீர் சேர்க்கிறார்கள்.

கேள்வி: நாங்கள் சைவ உணவு மரபினர். ஷேவிங் சோப்பில் விலங்குக் கொழுப்பு இருக்கும் என்கிறார்களே? (வணிகர், சௌகார்பேட்டை)

பதில்: சிலவற்றில் உண்டு. உறையில் சோடியம் டாலோவேட் அல்லது பொட்டாசியம் டாலோவேட் என்றிருந்தால், அது மாடு அல்லது ஆட்டின் கொழுப்பிலிருந்து செய்தது. லனோலின் என்பது ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் மெழுகு. ஸ்டியரிக் அமிலம் மட்டும் பனை எண்ணெயிலிருந்தும் வரலாம், கொழுப்பிலிருந்தும் வரலாம். ஆகவே ஸ்டியரிக் அமிலம் உள்ள சோப்பின் உறையில் பச்சைப் புள்ளியோ, முழுவதும் தாவரப் பொருள் என்ற வெளிப்படையான அறிவிப்போ இருந்தால் மட்டும் வாங்குங்கள். தாவர எண்ணெயில் செய்த சோப்புகள் இப்போது சிறப்பாகவே இருப்பதால் தங்களுக்கு இழப்பு ஏதுமில்லை. பிரஷ்ஷையும் மறந்துவிடாதீர்கள்: பன்றி மயிரும் பேட்ஜர் என்னும் விலங்கின் மயிரும் பரவலாகப் பயன்படுகின்றன. அவற்றுக்குப் பதிலாகச் செயற்கை இழை பிரஷ் வாங்கலாம், அது சீக்கிரம் காய்ந்தும்விடும்.

கேள்வி: கழுத்தில் சிறு பருக்கள் வருகின்றன. குளிர்ச்சியான மெந்தால் சோப்பு உதவுமா? (தொழிற்சாலை ஊழியர், எண்ணூர்)

பதில்: மெந்தால் குளிர்ச்சியான உணர்வைத்தான் தரும், புண்ணை ஆற்றாது. எளிதில் சிவக்கும் தோலுக்கு அதுவே எரிச்சலாகலாம். மெந்தாலும் கடுமையான மணமும் இல்லாத சோப்பை முதலில் முழங்கையின் உட்புறம் தடவிக் கழுவி, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். கழுத்து முடி வளரும் திசையை விரலால் தடவி அறிந்து, அந்தத் திசையிலேயே அழுத்தாமல் மழியுங்கள். அப்படியும் பருக்கள் தொடர்ந்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள். சோப்பை மாற்றிக்கொண்டே இருப்பது வீண் செலவு.

கேள்வி: குளியலறையில் வைத்த சோப்பு கொழகொழவென்று ஆகிவிடுகிறது. (இல்லத்தரசி, காசிமேடு)

பதில்: கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுக்கும், கடற்கரைக் காற்றில் கேட்கவே வேண்டாம். உங்கள் வீட்டுக்காரர் மழித்து முடித்ததும் சோப்பின் மேல் நிற்கும் நீரை வடித்துவிட்டு, டப்பாவை மூடாமல் குளியலறைக்கு வெளியே சன்னலோரம் வைக்கச் சொல்லுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு மூடினால் போதும்.