தரம் 8 இல் வாங்கிய கேடயத்தைப் போடலாமா?

உயர்தரப் பரீட்சை முடிந்ததும் திருகோணமலைப் பக்கமிருந்து கேள்விகள் வரத் தொடங்கிவிடும். இம்முறை பெரும்பாலும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கான ‘காமன் ஆப்’ விண்ணப்பப் படிவத்தைப் பற்றித்தான், அதிலும் பாடத்துக்கு வெளியே செய்தவற்றைப் பட்டியலிடும் பகுதியைப் பற்றி.

தரம் 8 இல் தமிழ்த்தினப் பேச்சுப் போட்டியில் மாகாண மட்டத்தில் முதலிடம் எடுத்தேன். போடலாமா? (மாணவி, உப்புவெளி)

அந்தப் பகுதியில் கேட்பது பாடசாலையின் கடைசி நாலு வருடங்களை. தரம் 8 அதற்கு முந்தியது, விட்டுவிடுங்கள். ஆனால் பேச்சு அத்தோடு நின்றுவிட்டதா? பிறகு விவாத அணியில் இருந்திருந்தால் அதைப் போடுங்கள். பழைய வெற்றி விண்ணப்பத்தோடு எழுதும் கட்டுரைக்குத் தேவைப்பட்டால் அங்கே ஒரு வரி வரலாம்.

சாதாரண தரப் பரீட்சைக்காகத் தரம் 11 இல் சாரணர் படையை விட்டேன். பாதியில் விட்டது குறையாகத் தெரியாதா? (மாணவன், கிண்ணியா)

தெரியாது. இருந்த ஆண்டுகளை மட்டும் குறித்தால் போதும். ஏன் விட்டீர்கள் என்று விளக்க இடமும் இல்லை: ஒவ்வொரு செயற்பாட்டின் விவரிப்புக்கும் இடைவெளியும் சேர்த்து 150 எழுத்துத்தான், ஆங்கிலத்தில் இருபது சொல் சொச்சம். அதில் போய் “ஒழுக்கத்தையும் தலைமைத்துவத்தையும் கற்றுக்கொண்டேன்” என்று எழுதும் பிள்ளைகள்தான் அதிகம். சரி, என்ன செய்தீர்கள்? “எட்டுப் பேர் அணியை நடத்தினேன், புதியவர்களுக்கு முடிச்சும் முதலுதவியும் பழக்கினேன், மாதம் ஒருமுறை கடற்கரையைத் துப்புரவாக்கினோம்.” இப்படி எழுதினால் ஆள் தெரிகிறார். பதவிக்குத் தனியாக 50 எழுத்து இருக்கிறது, அதை இங்கே திரும்பச் சொல்லாதீர்கள்.

வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், வருடத்துக்கு எத்தனை வாரம் என்றும் கேட்பார்கள். எழுதிய எல்லாவற்றையும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். வாரம் 60 மணித்தியாலம் வந்தால், இந்தப் பிள்ளை எப்போது ட்யூஷனுக்குப் போனது, எப்போது தூங்கியது என்று வாசிப்பவர் யோசிப்பார்.

எனக்குக் கழகம், பதவி எதுவுமே இல்லை. பின்னேரங்களில் அப்பாவின் கடையில் நிற்பேன், தம்பியைப் பார்ப்பேன். (மாணவி, மூதூர்)

அதைத்தான் பட்டியலில் முதலாவதாகப் போடச் சொல்வேன். குடும்பப் பொறுப்பு என்றே ஒரு வகை படிவத்தில் இருக்கிறது. சம்பள வேலைக்குத் தனி வகை. கடன் கொப்பியை எழுதியது, சாமான் கொண்டு வருபவரிடம் விலை பேசியது, தம்பிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது, எல்லாம் எழுதலாம். வருடத்துக்கு இரண்டு கூட்டம் வைத்த கழகத்தின் உப செயலாளர் பதவியை விட இது கனம். நம்மவர்கள் ஏன்தான் இதை மறைக்கிறார்களோ! பட்டியலில் 10 இடம் இருக்கிறது என்பதற்காகப் பத்தையும் நிரப்ப வேண்டாம்.

மகனின் சான்றிதழ்கள் எல்லாம் வெள்ளத்தில் நனைந்துவிட்டன. என்ன செய்வது? (ஒரு தாய்)

அம்மா, இந்தப் பட்டியலோடு சான்றிதழ் இணைக்கத் தேவையில்லை. ஆனாலும் பொறுப்பாசிரியரிடமோ அதிபரிடமோ ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். யாராவது உறுதிப்படுத்தக் கேட்டால் உதவும்.

கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் இதெல்லாம் வேண்டுமா?

பொது அனுமதிக்கு உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கும் இசட் புள்ளிதான் பேசும். விளையாட்டு, கலை போன்றவற்றில் அபாரத் திறமை காட்டியவர்களுக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு விசேட அனுமதி வைத்திருக்கிறது. அங்கே நிலைமை வேறு, ஆதாரம் காட்ட வேண்டும். அனுமதிக் கையேட்டில் அந்தப் பகுதியைத் தேடி வாசித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.