விண்ணப்பிக்கும் முன் எத்தனை ஓபன் டேக்குப் போக வேண்டும்?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகன் கிரேடு 11 படிக்கிறான். ஃபார்மசியா பிசியோதெரபியா என்று இன்னும் முடிவாகவில்லை. கூடப் படிக்கிற பிள்ளைகள் ஆறேழு பல்கலைக்கழகங்களின் ஓபன் டேக்கு, அதாவது வளாகத்தைத் திறந்து எல்லோருக்கும் சுற்றிக் காட்டுகிற நாளுக்குப் போகப்போகிறார்களாம். நாங்கள் எத்தனைக்குப் போக வேண்டும் என்பது அவர் கேள்வி.

இரண்டுக்குப் போங்கள். அதற்குப் பிறகும் விண்ணப்பத்தில் எதை முதலில் எழுதுவது என்று வீட்டில் இழுபறி இருந்தால் மூன்றாவதுக்குப் போங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளலாம். பிள்ளைக்குக் குறை வைத்ததாக ஆகவே ஆகாது.

நாங்கள் நாலு பார்த்தோம், அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். நான் கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகி டர்பனுக்கு வந்தவள், வீடு சாட்ஸ்வர்த்தில். மகள் 2023-இல் கிரேடு 11 படித்தாள். முதலில் பார்த்த இடம் அவளுக்கு மனசோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாவது இடம் நல்ல கேள்விகளைக் கேட்க வைத்தது. மூன்றும் நாலும் இன்றைக்கு அவளுக்கு ஒன்றோடொன்று கலந்துகிடக்கின்றன. எந்த நூலகம் எந்த ஊரில் இருந்தது என்று கேட்டால் யோசிக்கிறாள்.

ஓபன் டேக்குப் போவதே ஒரு முடிவை எடுப்பதற்குத்தான். போய்வந்தால் விண்ணப்பத்தின் வரிசை மாறுமா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் அர்த்தம் உண்டு. இங்கே யூ.கே.இசட்.என். (குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகம்), டி.யு.டி. (டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்), மங்கோசுத்து, சூலூலாந்து ஆகிய நாலு பல்கலைக்கழகங்களுக்கும் சி.ஏ.ஓ. என்கிற மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாக ஒரே விண்ணப்பம்தான். அதில் படிப்புகளை விருப்ப வரிசைப்படி எழுத வேண்டும். முதல் வரியில் எது, இரண்டாம் வரியில் எது என்பதைத் தீர்க்க உதவாத பயணம் ஊர் சுற்றிப் பார்த்ததாகத்தான் முடியும். ஊர் சுற்றுவது தப்பில்லை, ஆனால் அதை டிசம்பர் லீவில் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். நீங்கள் போகும் இடத்தில் அந்தப் படிப்பு இருக்கிறதா? இது சின்ன விஷயம்போலத் தெரியும். எங்கள் தெருவில் ஒரு குடும்பம் ஃபார்மசிக்காகக் கேப்டவுன் பல்கலைக்கழகத்து ஓபன் டேக்கு விமான டிக்கெட்டே விசாரித்துவிட்டது. அந்தப் பல்கலைக்கழகத்தில் பிசியோதெரபி உண்டு, பி.ஃபார்ம் கிடையாது. கேப்டவுன் பக்கத்தில் ஃபார்மசி வேண்டுமானால் பெல்வில்லில் இருக்கும் மேற்குக் கேப் பல்கலைக்கழகம். ஜோகன்னஸ்பர்க்கில் விட்ஸ், மக்காண்டாவில் ரோட்ஸ், கெபெர்காவில் நெல்சன் மண்டேலா பல்கலைக்கழகம், போச்செஃப்ஸ்ட்ரூமில் வடமேற்குப் பல்கலைக்கழகம். நம் மாகாணத்தில் யூ.கே.இசட்.என். வெஸ்ட்வில் வளாகம் ஒன்றுதான். நல்ல வேளையாக உங்கள் மகன் யோசிக்கிற பிசியோதெரபியும் அதே வளாகத்தில் இருக்கிறது. ஆக, ஒரே நாளில் இரண்டு துறையையும் பார்த்துவிடலாம். உங்கள் முதல் ஓபன் டே வெஸ்ட்வில் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நாங்களும் அங்கேதான் தொடங்கினோம். அந்த மலைமேல் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியதும் மரத்தில் குரங்குகள். மகளின் கையில் ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் இருந்த பொட்டலம், அதை அவசரமாகப் பைக்குள் வைத்தாள். பெரிய அரங்கில் வரவேற்புப் பேச்சு நடந்தது. அதற்கு நாங்கள் போகவில்லை. அதில் சொல்வதெல்லாம் அச்சடித்த கையேட்டிலேயே இருக்கும். நேரே ஃபார்மசி ஆய்வகத்துக்குப் போனோம்.

அங்கே ஒரு மூன்றாம் ஆண்டு மாணவி களிம்பு செய்து காட்டிக்கொண்டிருந்தாள். வழவழப்பான வெள்ளைப் பலகைமேல் மஞ்சளாக ஒரு மெழுகுப் பசை, பக்கத்தில் கொஞ்சம் வெள்ளைப் பொடி. பொடி முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டவில்லை. ஒரு சிட்டிகை எடுத்து, அதே அளவு பசை எடுத்து, தட்டைக் கத்தியால் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். அது ஒன்றாகக் கலந்த பிறகு அடுத்த பங்கு. கொஞ்சத்தை விரலில் தடவி, நெறநெறப்பு இருக்கிறதா என்று என் மகளிடம் காட்டினாள். இருந்தது. மறுபடி தேய்த்தார்கள், இந்தத் தடவை கத்தி என் மகள் கையில். மேசை ஓரத்தில் பீங்கான் குழிக்கல்லும் குழவியும் இருந்தன. நான் சும்மா இருக்க மாட்டாமல், "இது கல்வம்தானே, எங்கள் ஊர் நாட்டு மருந்துக் கடையில் இதைத்தான் வைத்திருப்பார்கள்" என்றேன். மாணவிக்கு அந்தச் சொல் பிடித்துப்போய், "கல்வம், கல்வம்" என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். என் மகள் அந்த மேசையைவிட்டு முக்கால் மணி நேரம் நகரவில்லை. அவள் வீட்டில் அரை மணி நேரம் ஒரு வேலையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எனக்கு வேண்டியது அங்கே கிடைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் என் மாமனார் அவளைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அங்க எங்கம்மா உக்காந்து படிப்பே?"

அவர் கேட்டதற்குக் காரணம் உண்டு. அவர் பட்டம் படித்தது டர்பன் துறைமுகத்துக்குள் இருக்கும் சாலிஸ்பரி தீவில். 1959-இல் வந்த சட்டத்தால் பல்கலைக்கழகங்கள் நிறத்துக்கு ஒன்றாகப் பிரிக்கப்பட்டன. வேறு இடத்தில் சேர வேண்டுமானால் அமைச்சரின் அனுமதி வேண்டும். இந்தியப் பிள்ளைகளுக்கென்று 1961-இல் அந்தத் தீவில், கடற்படையின் பழைய கட்டடங்களில் ஒரு கல்லூரி திறந்தார்கள். மாமா படகில் போய்ப் படித்துவிட்டுப் படகில் வருவார். வகுப்பு முடிந்தால் உட்கார்ந்து படிக்க இடம் தேடுவதே ஒரு பாடாம். அந்தக் கல்லூரிதான் 1972-இல் வெஸ்ட்வில் மலைக்குப் போய், 2004-இல் நட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இன்றைய யூ.கே.இசட்.என். ஆனது. எங்கே சேரலாம் என்று தேர்ந்தெடுக்கிற வாய்ப்பே அவர் தலைமுறைக்கு இல்லை. அதனால் பேத்தி தேர்ந்தெடுக்கப் போவதை அவர் பண்டிகைபோலப் பார்த்தார், ஆனால் கேள்வியை மட்டும் விடவில்லை.

மகளுக்குப் பதில் தெரியவில்லை. நாங்கள் நூலகத்தை வெளியிலிருந்துதான் பார்த்திருந்தோம். 2023 மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருஷம் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு நாளில் மூன்று நாலு தடவை கரண்ட் போகும். மறுவாரம் ஒரு செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் நானும் அவளும் மறுபடி வெஸ்ட்வில் போனோம். கொடி, கூடாரம், இலவசப் பேனா எதுவும் இல்லாத சாதாரண நாள். பிள்ளைகள் எங்கே உட்காருகிறார்கள், எங்கே சார்ஜ் போடுகிறார்கள், கரண்ட் போனால் எந்தக் கட்டடத்துக்கு ஓடுகிறார்கள் என்று இரண்டு மணி நேரத்தில் தெரிந்துபோனது. இன்னொரு ஓபன் டேக்குப் போவதைவிட, பார்த்த இடத்துக்கே ஒரு வார நாளில் இன்னொரு தரம் போவது எவ்வளவோ மேல். என் பதிலில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

இரண்டாவது, மாகாணத்துக்கு வெளியே. பெயர் வேண்டாம். பளபளவென்று ஆய்வகம், வரிசையாகப் புதுக் கருவிகள். வழிகாட்டியாக வந்த பையனிடம் மகள் கேட்டாள்: "இந்தக் கருவியை நீங்கள் உங்கள் கையால் எத்தனை தரம் ஓட்டியிருக்கிறீர்கள்?" அவன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, இந்த செமஸ்டரில் ஒரு தரம், அதுவும் ஆறு பேர் சேர்ந்து என்றான். விடுதியைக் காட்டச் சொன்னோம். அன்றைக்கு அது பூட்டியிருந்தது. வெளியூர்ப் பல்கலைக்கழகம் என்றால் பிள்ளை நாலு வருஷம் தூங்கப் போகிற இடம் அந்த விடுதிதான். அதைப் பார்க்காமல் திரும்பியதில் எனக்கு வருத்தம். ஆனாலும் அந்தப் பயணம் வீணில்லை. இரண்டு இடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, வரிசையை அவளே எழுதினாள். மூன்றாவதும் நாலாவதும் அந்த வரிசையைத் தொடவே இல்லை.

தூரத்தையும் சொல்ல வேண்டும். டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் என்-3 சாலையில் 570 கிலோமீட்டர் போல. வெள்ளி இரவு பஸ் ஏறினால் சனி காலையில் கண் எரிச்சலோடு போய் இறங்குவீர்கள். கேப்டவுன் 1,600 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரத்து இடங்களை இணையத்தில் பாருங்கள். கோவிட்டுக்குப் பிறகு பல பல்கலைக்கழகங்கள் ஆன்லைன் ஓபன் டேயும் நடத்துகின்றன. இடம் கிடைத்துவிட்டது என்று கடிதம் வந்த பிறகு, சேருவதற்கு முன் ஒரு தரம் நேரில் போய் வரலாம். அப்போது போகிற காசு உறுத்தாது.

எப்போது போவது என்பதில் மட்டும் தாமதிக்க வேண்டாம். இந்த வருஷமே, கிரேடு 11-லேயே போங்கள். பெரும்பாலான இடங்களில் கிரேடு 11 இறுதி மதிப்பெண்ணை வைத்துத்தான் தற்காலிக இடம் தருகிறார்கள், அதனால் பிள்ளைக்கு இப்போதே ஒரு குறி தெரிந்தால் நவம்பர் பரீட்சைக்கு உட்கார்ந்து படிப்பான். மெட்ரிக் என்கிற கிரேடு 12 வருஷத்தில் ஜூன் பரீட்சை, செப்டம்பரில் ட்ரையல் என்கிற மாதிரிப் பரீட்சை என்று மூச்சு விட நேரம் இருக்காது. கடைசி நாட்களும் முந்திக்கொண்டு வரும்: விட்ஸில் மருத்துவ அறிவியல் படிப்புகளுக்கு வழக்கமாக ஜூன் 30, கேப்டவுனுக்கு ஜூலை 31, சி.ஏ.ஓ.வுக்குப் பொதுவாக செப்டம்பர் 30, சில படிப்புகளுக்கு அதற்கும் முன்னால். விட்ஸ் மருத்துவ அறிவியலுக்கு என்.பி.டி. என்கிற தனித் தேர்வும் எழுத வேண்டும். மதிப்பெண் கூட்டுவதும் இடத்துக்கு இடம் வேறு. லைஃப் ஓரியன்டேஷன் என்கிற பள்ளிப் பாடத்தின் மதிப்பெண்ணை யூ.கே.இசட்.என். புள்ளிக் கணக்கில் சேர்ப்பதில்லை, அதை நம்பிக் கூட்டி வைத்திருந்தால் இப்போதே கழித்துவிடுங்கள்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருகிறேன். வெஸ்ட்வில் ஓபன் டே அன்று காலையில் ஃபார்மசி, மத்தியானம் பிசியோதெரபி. பத்து மணிக்குள் ஆய்வகத்தில் இருங்கள், அதற்குப் பிறகு கூட்டம் நெரியும். நீங்கள் பின்னால் நில்லுங்கள், கேள்வியை மகன் கேட்கட்டும். பேராசிரியர்களைவிட இரண்டாம் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கேட்கச் சொல்லுங்கள். ஃபார்மசி என்றால் நாலு வருஷப் படிப்பு, ஒரு வருஷம் இன்டர்ன், அப்புறம் ஒரு வருஷம் சமூக சேவை. பிசியோதெரபிக்கு நாலு வருஷமும் சமூக சேவை ஒரு வருஷமும். இந்த வித்தியாசத்தை அவன் வாயாலேயே அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். எந்த மேசையை விட்டு அவன் நகர மறுக்கிறான் என்று மட்டும் நீங்கள் பாருங்கள். இரண்டாவது ஓபன் டே எது என்பதை அன்றைக்குச் சாயந்திரம் முடிவு செய்துகொள்ளலாம்.